மூன்றாவது பாரின் முனையில் ஒரு சிலுவை

சாந்தா எல்வீரா,
மே 29.

என் மகள் ரெஜியானிக்கு ஞானத்தாயான ஜந்தீராவுக்குத் தொர்வலீனா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் சுகம். அரசுவாயி ஊரில் நீயும் உன் புருஷன் ஓஸ்மரீனோவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இது நான் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். நவம்பரில் அறுவடை முடிந்து உங்களையெல்லாம் ஊருக்கு அனுப்பினார்களே, அடுத்த வருஷம் வெட்ட ஆள் வேண்டாம், மெஷின் வருகிறது என்று சொல்லி. அதே வாரம்தான் நான் மெஷின் ஓட்டப் பழகப் பெயர் கொடுத்தேன். பஸ் ஜன்னலிலிருந்து நீ எல்லோர் காதிலும் விழக் கத்தினாய்: "போடி போ, எண்பது பேர் சோத்து மேல ஏறி உக்காந்துக்கோ!" ஒரு மெஷின் எண்பது பேர் வேலையைச் செய்யும் என்பது உண்மைதானே.

ஆனால் ஜந்தீரா, அதெமில்சன் இறந்துபோய் அப்போது இரண்டு மாதம். வெட்டச் சுலபமாக இலையைக் கொளுத்திப்போட்ட கரும்புக்குள், அந்தச் சூட்டில், மதியத்துக்குள் யாரையும்விட அதிக மீட்டர் வெட்டிவிட்டுத்தான் என் புருஷன் விழுந்தான். கை கால் இழுத்துக்கொண்டது. ஓஸ்மரீனோதான் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினான். அதை நான் மறக்கவில்லை. அவனுக்குப் பிறகு என் கையில் இருந்தது அவன் வெட்டரிவாளும் ஒரு பெண்பிள்ளையும்தான். அதனால் பெயர் கொடுத்தேன்.

இப்போது நான் ஓட்டுகிறேன். இதை எழுதும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது, திட்டாதே. முதல் நாள் டிராக்டர்காரர்கள் வரிசையாக நின்று சிரித்தார்கள். "அக்கா, இது தையல் மெஷின் இல்ல, பாத்து மிதிங்க"ன்னு ஒருத்தன். "தையல் மெஷின்னா உன் வாயத்தான் முதல்ல தைப்பேன், தள்ளு"ன்னேன். இப்போது அவன்தான் தன் வண்டியை என் பக்கத்திலேயே ஓட்டிக் கரும்பு வாங்குகிறான். என் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறதாம்.

இங்கே இந்த வருஷம் கரும்புக்குத் தீ வைக்கவில்லை. மெஷின் பச்சைக் கரும்பையே வெட்டும், காய்ந்த சோகை இலையை வயலிலேயே துப்பிவிடும். நம் கரும்பிலிருந்து எடுக்கிற எத்தனாலில் கார் ஓடினால் பட்டணத்துக் காற்று சுத்தமாகும் என்று அன்றைக்கு ஒருத்தர் வந்து பேசினார், நினைவிருக்கிறதா? பட்டணத்துக்கு சுத்தம், நம் கொடியில் காயும் துணிக்குக் கரி என்று நீ முணுமுணுத்தாய். இப்போது துணி வெள்ளையாகவே காய்கிறது. ரெஜியானிக்கு இந்த மே மாதம் இருமல் இல்லை. அதற்காக எல்லாம் நல்லதாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சர்ச்சுக்குப் பின்னால் அவரைக்கொடி போட்டிருந்த நிலத்திலும் கரும்பு வந்துவிட்டது, அவரைக்காய் இப்போது வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. நீங்கள் தங்கியிருந்த வரிசை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பக்கம் போனால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இனி நடந்ததைக் கேள். போன வாரம் பதினேழாம் வயல் என் முறை. அதெமில்சன் விழுந்த வயல். மூன்றாவது கரும்புப் பாரின் முனையில் ஓஸ்மரீனோ வேலிக்கட்டையில் செய்து நட்ட சிலுவை இன்னும் நிற்கிறது. சரியாக மெஷின் திரும்புகிற இடம். கங்காணி நிவால்தோ வந்து, "அதப் புடுங்கிப் போட்டுட்டு ஓட்டும்மா, செத்தவனுக்குத் தெரியவா போகுது"ன்னான். நான் தொடாமலே வெட்டுகிறேன் என்றேன். "ஒரு கரும்பு நின்னாலும், அஞ்சு நிமிஷம் வீணாப்போனாலும், நாளைக்கு நீ மெஷின்ல ஏற மாட்ட"ன்னான். சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சிலுவைக்கு ஒரு கை தூரம் வரைக்கும் வெட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பின்னால் எடுத்து, அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, அங்கேயும் ஒரு கை தூரத்தில் நிறுத்தினேன். நடுவில் சிலுவையும் ஒரு தூர் கரும்பும். இறங்கினேன். அதெமில்சனின் அரிவாள் எப்போதும் என் சீட்டுக்குக் கீழேதான். ஏழு கரும்பு. அடியோடு, கட்டை மேலே தெரியாமல், அவன் வெட்டுகிற மாதிரி வெட்டி வண்டியில் எறிந்துவிட்டு ஏறினேன். நான்கு நிமிஷம்.

ஆலை இன்ஜினியர் ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இறங்கி வந்து, "இவ்வளவு கஷ்டம் எதுக்கும்மா, எடுத்துட்டு அப்பறமா நட்டிருக்கலாமே"ன்னார். "எடுத்தா திரும்ப நட ஆள் இல்ல சார். நட்டவனத்தான் ஊருக்கு அனுப்பிட்டீங்களே"ன்னேன். என் வாய் எனக்குத் தெரியாதா, இன்றோடு வேலை போனது என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிலுவைப் பக்கம் திரும்பி நின்றார்.

நேற்று கூப்பிட்டு அனுப்பினார். பழகுவதற்கு இன்னும் ஒரே ஒரு இடம் இருக்கிறதாம். கரும்பு தெரிந்த ஆளாக, நாலாம் வகுப்பு படித்த ஆளாக, நானே ஒரு பெயர் சொல்லலாமாம். ஓஸ்மரீனோவுக்கு எழுத்து தெரியாது, முதுகும் போய்விட்டது. நான் உன் பெயரைச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், கோபம் வந்தால் வரட்டும். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, மீதியைச் சாயங்கால வகுப்பில் ஒப்பேற்றினேன். நீ நாலாவது முடித்தவள். இந்த ஊரில் என் கடிதத்தையெல்லாம் எழுதித் தந்தவளே நீதானே.

எண்பது பேரில் ஒருத்திக்கு இடம் கொடுத்தால் கணக்கு நேராகாது, தெரியும். மீதிப் பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன், அதுவும் தெரியவில்லை. ஆனால் இருக்கிற ஒன்றை உனக்குத் தராமல் என்னால் அந்த மெஷினில் நிமிர்ந்து உட்கார முடியாது. பத்து வருஷம் அறுவடைக்கு ஓஸ்மரீனோ முன்னால் கிளம்பினான், நீ பின்னால் வந்தாய். ஒரு வருஷம் நீ முன்னால் கிளம்பு. பிள்ளைகளை அவன் பார்த்துக்கொள்ளட்டும், கஞ்சி வைக்க அவனுக்கும் கை இருக்கிறது. ஜூன் 24, சான் ஜுவாவ் திருநாளுக்கு முன்னால் நீ இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஓஸ்மரீனோவிடம் சொல், அவன் நட்ட கட்டை ஒரு விரல்கூடச் சாயவில்லை.

மெஷினில் ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பக்கத்தில், பழகுகிறவருக்கென்று இன்னொரு சின்ன சீட் இருக்கிறது. அதில் இப்போது அதெமில்சனின் தண்ணீர்க் குடுவையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். நீ வந்தால் அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன்.

மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு.

உன்
தொர்வலீனா