பல் டாக்டருக்குக் கிடைத்த அப்பா

அன்பு மகளுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்காலையும் கோபத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை. உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம், மாடிப்படி கோணலாக வந்துவிட்டது என்று அவன் கொத்தனாரோடு தினமும் மல்லுக்கட்டுகிறான். இங்கே குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, குழாய்க்காரர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று ஆட்டம் காட்டுகிறார். அதெல்லாம் கிடக்கட்டும். போன வாரம் நான் பேச ஆரம்பித்ததுமே மீட்டிங் இருக்கும்மா என்று போனை வைத்துவிட்டாயே, அதை முழுசாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நடுவில் வைத்துவிட்டு ஓட முடியாது பார்.

புத்தகம் போடவேண்டும் என்று வந்தவனை உன் அண்ணன் உன்னிடம் அனுப்பிவைத்தானே, அந்தப் பல் டாக்டர்தான் விஷயம். என் கடைவாய்ப் பல்லை அடைத்த அன்று, வாய் நிறையப் பஞ்சைத் திணித்துவிட்டு, தான் நாவலாசிரியன் ஆன கதையை அளந்தான். உங்க பொண்ணு எழுத்துப்பிழை மட்டும்தாம்மா பாத்தாங்க, மத்ததெல்லாம் எனக்கு உள்ளேருந்து தானா வந்துச்சு என்றான். பதில் பேச முடியாத வாயாகப் பார்த்துத்தான் இந்த மாதிரி ஆட்கள் பீற்றிக்கொள்வார்கள் போலிருக்கிறது. வெளியீட்டுக்குக் கட்டாயம் வரணும்மா என்று அழைப்பிதழைக் கையில் திணித்தான். என் மகளின் உழைப்பாயிற்றே என்று நானும் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வந்தவர்களில் பாதிப் பேர் அவனிடம் வாயைக் காட்டுகிறவர்கள், மீதிப் பேர் அவனுக்கு மருந்து விற்கிறவர்கள். அட்டையில் அவன் முகம், முப்பத்திரண்டும் தெரிய. பேச வந்தவர்களில் ஒருத்தராவது புத்தகத்தைத் திறந்திருந்தால் என்னை ஏன் என்று கேள். ஒருவர் தாள் நல்ல கனம் என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவன் மைக்கைப் பிடித்து, எங்கப்பாவைப் பத்தின பக்கம் ஒண்ணு படிக்கிறேன் என்றான்.

சாயங்காலம் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும் ஒரு சின்னப் பெண். கதவின் அடியிடுக்கில் இரண்டு ஷூக்கள் வந்து நிற்கின்றன. மணி அடிக்கவில்லை. கருவிப் பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாறும் சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் ஷூக்கள் அப்படியே நிற்கின்றன. அப்புறம்தான் மணி அடிக்கிறது. உன்னைப் பையனாக மாற்றியிருந்தான், லிப்ட் மெக்கானிக்கான உன் அப்பாவைப் பெரிய என்ஜினீயர் ஆக்கியிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், கூட்டமும் துடைத்துக்கொண்டது. அவன் அப்பாவை எனக்குத் தெரியாதா? டிரைவர் கதவைத் திறக்காமல் காரை விட்டு இறங்காத மனிதர். அந்த வீட்டு வாசற்கதவுக்கு அடியில் எறும்பு நுழைய இடம் கிடையாது, ஷூ எங்கிருந்து தெரியும்? எனக்கு அங்கே அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் அழுதேன். சாத்தின கதவின் இடுக்கையே பார்த்துக்கொண்டு அழுதேன்.

இதைத்தான் போனில் கேட்டேன். அந்தாளு எழுதின அத்தியாயம் சப்புன்னு இருந்துச்சும்மா, இது என்கிட்ட சும்மாதானே கிடந்துச்சு, எடுத்து வச்சேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாய். சும்மா கிடந்ததா? அப்பா நம்மை விட்டுப் போன வருஷம் ராத்திரியெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மூணாவது நாவல் அப்பாவோட ஷூவிலதாம்மா ஆரம்பிக்கும் என்று சொன்னது யார்? உன் அண்ணனிடம் சொன்னால், விடும்மா, அவ பிழைக்கத் தெரிஞ்சவ என்கிறான். அவனுக்கு மாடிப்படி நேராக இருந்தால் போதும், அப்பா எந்தப் புத்தகத்தில் இருந்தால் என்ன.

மற்றவர்கள் புத்தகம் போட நீ உதவுவதை நான் குறை சொல்லவில்லை. உன் இரண்டு நாவல்களையும் பதிப்பகம் குடோனில் போட்டுப் பூட்டியபோது நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்னொருத்தருக்கு அப்படி ஆகக் கூடாதென்று சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தாய், நல்ல காரியம். நீ போட்ட அந்த நர்ஸம்மா புத்தகத்தைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது அவள் பட்டது, அவள் எழுதியது, நீ கலைந்த தலையை வாரிவிட்டாய், அதோடு சரி. இவனுக்கு நீ தலையையே வெட்டிக் கொடுத்திருக்கிறாய். பெத்த அப்பாவைத் தாரை வார்த்திருக்கிறாய், அதுவும் யாருக்கு, நன்றியுரையில் உன் பேரைக்கூடத் தப்பாகப் போட்ட ஒருத்தனுக்கு. இன்னும் எத்தனை பேர் புத்தகத்தில் நம் வீட்டைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருக்கிறாயோ. உன் கம்பெனி போடுகிறதையெல்லாம் இனி சந்தேகத்தோடு படிக்கவேண்டியதுதான், தலையெழுத்து.

ஒன்று தெரிந்துகொள். அந்தப் பக்கத்தின் கடைசியில், லிப்ட் நின்றுபோன கட்டிடங்களில் ஏறி இறங்கின களைப்பில் மூச்சு வாங்கத்தான் அப்பா வாசலில் நின்றார் என்று எழுதியிருக்கிறாய். தப்பு. நீ கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தாய், உனக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன், அவர் சொன்னார். அந்தக் காரணம் உலகத்தில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கடிதத்தில் எழுதிவிடலாம் என்று கைகூட வந்தது, எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாதம் ஒரு கண் டாக்டர் மேடையேறி அழுவான். உன் நாவலின் முதல் பக்கத்தை, உன் பேர் போட்டு, எனக்கு அனுப்பு. வந்த அன்றே சொல்கிறேன். எனக்கும் வயதாகிறது, சாவி வைத்த இடமே மறந்துபோகிறது, இது மட்டும் எத்தனை நாளைக்கு மறக்காமல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கண்ணுக்கு மருந்து விட மறக்காதே, ஊரார் எழுத்தைப் படித்துப் படித்து அதையும் கெடுத்துக்கொள்ளாதே. நோய்நொடி இல்லாமல், நிறைய நாள், நன்றாக இரு.

இப்படிக்கு,
உனக்கும் உன் அண்ணனுக்கும் மட்டும் அம்மா.