குடிக்காதவரின் மாத்திரை

அண்ணா,

நேற்று மத்தியானம் என் மகன் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஏம்மா, சோடா சப்புனு இருக்குது?" என்றான். மாத்திரை வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதைத் தின்ன ஆரம்பித்த வாரம் நீங்களும் இதையேதான் சொன்னீர்கள்.

இப்போது என் மகனுக்கு வந்திருக்கிற இந்த வியாதி நம் அப்பாவுக்கும் இருந்தது. குடிகாரன் என்ற பேரோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். உங்களுக்கு மீசை முளைக்கும் முன்பே வந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஓடினால் வரும், திடுக்கிட்டால் வரும், கோபப்பட்டால் வரும். தலை சுற்றும், கால் பின்னும், நாக்குக் குழறும். சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து சோறு கேட்பீர்கள். குமாரபாளையத்துத் தறிப்பட்டறையில் நீங்கள் தள்ளாடியதைப் பார்த்த முதலாளி, எல்லோர் எதிரிலும் செருப்பைக் கழற்றி அடித்தார். அண்ணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு, அவர் அப்பா வீட்டுக்கே போய்விட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்து நரம்பு டாக்டர் ஒருவர்தான், "உங்க அப்பாவுக்கும் இப்படி வந்துச்சா?" என்று முதன்முதலில் கேட்டார். கண்ணில் அழுத்தம் ஏறினால் கொடுக்கிற மாத்திரை, இந்தக் குடும்ப வியாதிக்கும் கேட்கிறதென்று இப்போதுதான் தெரியவந்திருக்கிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். உங்கள் விரல் நுனியெல்லாம் மரத்தது. ஆனால் தள்ளாட்டம் நின்றது. "பாரு அம்மிணி, ஓடறேன்!" என்று தெருக்கோடி வரைக்கும் ஓடிக் காட்டினீர்கள்.

அந்தத் தெம்பில்தான் அண்ணியை அழைத்துவர இருவரும் திருச்செங்கோடு போனோம். உங்கள் மாமனார் எல்லாம் கேட்டுவிட்டு, "குடியை உட்டாச்சுங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"நான் குடிச்சதே இல்லீங்க மாமா."

"அப்பறம் எதுக்குங்க மாத்திரை?"

மறுபடி மறுபடி சொன்னீர்கள். அவர் அசையவில்லை. "ஒத்துக்கிட்டாத்தான் புள்ளையை அனுப்ப முடியும்" என்றார். கதவோரம் அண்ணி குழந்தையோடு நின்றிருந்தார். குழந்தை உங்களை அடையாளம் தெரியாமல் பார்த்தது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "உட்டுட்டேனுங்க மாமா" என்றீர்கள்.

அன்றே அண்ணியை அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த கோடையில் மாத்திரை தீர்ந்தது. குமாரபாளையத்துக் கடைகளில் இல்லை, பவானியிலும் இல்லை. இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு, ஈரோட்டில் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினீர்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறீர்கள். சாக்கடையில் குப்புற விழுந்த உங்களை யாரும் தூக்கவில்லை. "தண்ணி போட்டுட்டு உழுந்து கெடக்கறாருன்னு உட்டுட்டமுங்க" என்று டீக்கடைக்காரர் என்னிடமே சொன்னார். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட அதில் இல்லை.

உங்கள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அண்ணி அழவில்லை. என் கையைப் பிடித்து, "மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டாருங்களா?" என்று கேட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். "அவரே எங்கப்பாகிட்ட ஒத்துக்கிட்டாரே" என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். உங்கள் பிள்ளையும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

போன வாரம் என் மகனுக்குப் பெண் தருவதாக நாமக்கல் பக்கமிருந்து வந்தார்கள். காப்பி கொடுக்கும் முன்பே வியாதியையும் மாத்திரையையும் சொல்லிவிட்டேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். "கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமேம்மா" என்றான் மகன்.

இருந்திருக்கலாம். ஆனால் அண்ணா, அன்றைக்கு அந்தப் பொய்யை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். என் பிள்ளை வாயிலிருந்தும் அதைக் கேட்க என்னால் ஆகாது.