காலையில் போய் சாயங்காலம் திரும்ப

மந்தைவெளி,
3-6-2024

அக்கா காமாக்ஷிக்கு அபயாம்பாள் நமஸ்காரம். என் முழங்கால் தவிர இங்கே எல்லாம் க்ஷேமம்.

வருகிற இருபத்தாறாம் தேதியோடு அம்மா போய் முப்பத்தாறு வருஷம். அன்று திருக்கழுக்குன்றம் போய், கோவிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, அம்மா கடைசியாகப் படுத்திருந்த வீட்டு வாசலையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். நீயும் வர வேண்டும். உன்னோடு பேசுவதில்லை என்றுதான் அன்று சொன்னேன். எழுதுவதில்லை என்றோ, கூடப் போவதில்லை என்றோ சொல்லவில்லை.

மாம்பலத்தில் ஏழு மணிக்கு மின்சார ரயில். செங்கல்பட்டில் இறங்கி பஸ். பேத்தி ஹம்சினி போனில் பார்த்துச் சொன்னாள். கார் வேண்டாம். கார் என்றால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததும் அத்திம்பேர் காரில் நீ கிளம்பினாய். பச்சைக் கரை போட்ட மாம்பழக் கலர் புடவை. "இடமில்லைடி அபயம், நீ பஸ்ல வந்துடு" என்றாய். மூன்று பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

கடைசி ஒரு மணி நேரம் அம்மா பக்கத்தில் இருந்தது நீ ஒருத்திதான். "அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை" என்றாய். என் அம்மா ஒன்றும் சொல்லாமல் போகிறவள் இல்லை. அந்த வாசலில் நின்று அதை நீ சொல்ல வேண்டும். அதற்குத்தான் கூப்பிடுகிறேன், ஒளிப்பானேன்.

இப்படிக்கு,
அபயாம்பாள்


அடையாறு,
8-6-2024

அன்புள்ள அபயத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கையெழுத்து இன்னும் நண்டு ஊர்ந்த மாதிரியேதான் இருக்கிறது. மூன்றாம் கிளாஸோடு நிறுத்தினது தப்பு என்று அப்பாவிடம் அப்போதே சொன்னேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

ரயில் வேண்டாமடி. மாம்பலத்தில் படி ஏறி இறங்க உன் முழங்கால் விடுமா? அடையாறிலிருந்து மகாபலிபுரம் வழியாக பஸ்ஸும் இருக்கிறதாம், ஆனால் இரண்டு கிழவிகளுக்கு எவன் எழுந்து இடம் கொடுப்பான்? சாய்சரண் திங்கட்கிழமை பெங்களூர் போனால் வெள்ளிக்கிழமைதான் வருகிறான். பிள்ளையை நம்பிப் பிரயோஜனமில்லை. காரிலேயே போய்விடலாம். வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம். அவரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். சீக்கிரம் எழுந்தால் அவருக்குத் தலைவலி வரும், உனக்குத் தெரியாததா?

மாவடு போட்டிருக்கிறேன். உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கிறேன்.

காமாக்ஷி


மந்தைவெளி,
12-6-2024

அக்காவுக்கு,

யாரைக் கேட்டுக்கொண்டு எழுதப் போகிறாய்? அத்திம்பேர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பதின்மூன்று நாளும் வந்தேன். உன்னோடு பேசாமல் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடமே இந்த நாடகமா?

உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயசில் பாலைக் கொட்டிவிட்டுப் பூனை கொட்டிற்று என்பாய். நம் ஆத்தில் பூனையே கிடையாது. இப்போது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதற்கு, செத்துப் போன புருஷனைக் கூப்பிடுகிறாய். எண்பது வயசில் இந்த சாமர்த்தியம் யாருக்கு வரும்?

கார் கிடையாது. ரயில்தான். வருகிறாயா, இல்லையா? ஒரு வரி எழுது.

அபயாம்பாள்


அடையாறு,
16-6-2024

அபயம்,

கோபிக்காதே. தெரியாமல் எழுதிவிட்டேன். அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில் தெரிகிறது. மத்தியானம் தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் தெரிவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

போன வாரம் தி. நகருக்குப் போனேன். பனகல் பார்க் பக்கத்தில் நிற்கிறேன், வீட்டுக்கு எந்த பஸ் என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாக ஏறுகிற பஸ். ஒரு ஆட்டோக்காரர் வந்தார். மெஹபூப் பாஷா என்று வண்டிக் கண்ணாடியில் எழுதியிருந்தது. "இன்னா பாட்டிம்மா, ஒரு மணி நேரமா இங்கயே நின்னுகினு கீறே. வூடு எங்க கீது?" என்றார். அடையாறு என்கிற வார்த்தை வாயில் வரவில்லை. பையில் உன் கடிதம் இருந்தது. உறை மேல் நீ எழுதியிருந்த என் விலாசத்தைப் படித்து, அவரே கொண்டுவந்து விட்டார்.

சாய்சரணிடம் சொல்லாதே. தெரிந்தால் எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான்.

ரயில் சரி. வருகிறேன். மாவடு போட்டிருக்கிறேன். உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கிறேன்.

அக்கா


மந்தைவெளி,
19-6-2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நிஜமோ, இதுவும் பூனைக் கதையோ, எனக்குத் தெரியவில்லை. ஹம்சினிதான் பதறினாள். "பாட்டி, இது விளையாட்டு இல்லை. சாய் மாமாவுக்கு இப்பவே சொல்லணும்" என்று போனைக் கையில் எடுத்தாள். "கீழே வைடி" என்றேன்.

நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். இருபத்தாறாம் தேதி வரை வாயைத் திறக்க மாட்டேன். அன்றும் "ஒண்ணும் சொல்லலை" என்றாயானால், சாயங்காலமே சாய்சரணுக்கு போன் போகும். மறந்து போச்சு என்று மட்டும் சொல்லாதே. ஞாபகம் வருகிற நேரத்தில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்.

ஒரு ஆட்டோ பிடித்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. ஆறே முக்காலுக்கு டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நிற்பேன். அடையாறு வந்து உன்னை அழைத்துக்கொண்டு போக மாட்டேன். நீ என்னை அழைத்துக்கொண்டு போனாயா?

அபயாம்பாள்


அடையாறு,
24-6-2024

சௌபாக்கியவதி அபயத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியமா?

அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. கார் சொல்லியாகிவிட்டது. நீ பஸ்ஸில் ஏறாதே. காரில் இடம் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. பின்சீட்டில் பாத்திரக் கூடையை வைத்து, அதன் மேல் படுக்கையைப் போட்டுவிட்டு, இடமில்லை என்றேன். நீ வந்துவிட்டால் அம்மா என் பக்கம் திரும்பவே மாட்டாள். எப்போதும் அப்படித்தானே? ஒரு நாளாவது அம்மா எனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்தது.

"அபயம் வரட்டும், அப்புறம் போறேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ வரலையாம் அம்மா, வேலை இருக்காம்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அம்மா கேட்கவில்லை.

இன்னும் நேரம் இருக்கிறதடி. அம்மா மூச்சு இருக்கிறது. இந்தத் தடவை உன்னை விட்டுவிட்டுப் போக மாட்டேன். உன் வாசலில் கார் வந்து நிற்கும். தயாராக இரு.

அக்கா


மந்தைவெளி,
5-7-2024

அக்கா,

இதை உன் விலாசத்துக்கே போடுகிறேன். வேறு விலாசம் எனக்குத் தெரியவில்லை.

இருபத்தாறாம் தேதி ஆறே முக்காலிலிருந்து பத்தரை வரை கவுண்டர் பக்கத்தில் நின்றேன். ஏமாற்றிவிட்டாள் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். யாருக்கும் போன் செய்யவில்லை. மூன்று மணிக்கு உன் கடிதம் வந்தது. பிரித்ததும் சௌபாக்கியவதி என்று இருந்தது. குங்குமம் அழித்துப் பதினோரு வருஷம் ஆனவளை இப்படிக் குத்திக்காட்டுகிறாளே என்று, மேற்கொண்டு ஒரு வரி படிக்காமல் மேஜை மேல் விட்டெறிந்தேன். ஆறு மணிக்கு ஹம்சினி ஆபீசிலிருந்து வந்து எடுத்து உரக்கப் படித்தாள். முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சாய்சரணுக்கு போன் போட்டாள். பெங்களூரிலிருந்து அவன் வந்து பார்த்தபோது நீ வீட்டில் இல்லை.

உங்கள் வாட்ச்மேன் போலீசிடம் சொன்னதை நானும் நின்று கேட்டேன். "காலைல ஆறு மணிக்கே பட்டுப்பொடவ கட்டிக்கினு கேட்டாண்ட வந்துட்டாங்க சார். போற வர்ற காருக்கெல்லாம் கை காட்டிக்கினே இருந்தாங்க. ஒரு வெள்ளக் காரு நின்னுச்சு. அவங்களே பின்கதவத் தொறந்து ஏறிக்கினாங்க. தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்." நம்பரை அவன் பார்க்கவில்லை.

எங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற கடைக்காரர் இன்னொன்று சொன்னார். அன்று ஏழு மணி இருக்குமாம். ஒரு வெள்ளைக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றதாம். பின்சீட்டில் ஒரு பாட்டி, மாடியையே பார்த்துக்கொண்டு. டிரைவர் ஹாரன் அடித்தானாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அப்போது ஹம்சினி தூங்கிக்கொண்டிருந்தாள், நான் மாம்பலத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சாய்சரணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பதினாறாம் தேதிக் கடிதத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி அம்மா என்ன புடவை கட்டிண்டிருந்தான்னு சொல்றேள். ஒரு வாரமாத் தெரிஞ்சதை ஒரு போன்ல சொல்லியிருக்கப்படாதா, சித்தி?" என்றான். அதோடு சரி. காரை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்குமாக அலைகிறான். என்னை ஆத்தோடு இருக்கச் சொல்லிவிட்டான்.

என்னால் இருக்க முடியவில்லை. தினம் காலையில் கிளம்பிவிடுகிறேன். ஹம்சினி டாக்சி சொல்கிறேன் என்கிறாள். டாக்சி பறந்து போய்விடும், யாரைக் கேட்பது? பஸ்தான் எல்லா இடத்திலும் நிற்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி உன் போட்டோவைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன்.

நீ அம்மாவிடம் சொன்ன பொய்யை நான் மறக்கப் போவதில்லை. மன்னித்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன், கை வரவில்லை. அதை உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். நீ இருந்தால்தானே கேட்க முடியும்?

இன்று கொட்டிவாக்கத்தில் இறங்கினேன். ரோட்டோரம் மீன் விற்கிற ரோஸி என்கிறவள் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இந்த ஆயாதான். வெள்ளக் காருலர்ந்து எறங்கி நேரா எங்கிட்ட வந்துச்சு. திருக்கழுக்குன்றம் எப்படிப் போவணும், எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னுச்சு. பின்னால என் தங்கச்சி வருவா, அவளுக்கும் வழி சொல்லுன்னுச்சு. நான் பஸ் நிக்கிற எடத்தக் காட்டுனேன். காதுலயே வாங்கல. இந்தத் தெருவுல கடலப் பாத்துப் போய்க்கினே இருந்துச்சு."

திரும்பி வந்தாளா என்று கேட்டேன். அவள் போட்டோவை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

சாய்சரணுக்கு அங்கிருந்தே போன் செய்து சொல்லிவிட்டேன். போலீசும் வரும் என்றான். அந்தத் தெருவுக்குள் பஸ் போகாது. நாளைக் காலையில் நான் நடந்து போகிறேன்.

உன் தங்கை,
அபயம்