பாதிப் படியில்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். போன கடிதத்தில் நம் வாயாடி மகளும் நலம் என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை, எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. முதலில் இதைப் படித்துக்கொள்: இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், அடுத்த வீட்டுக்காரரிடம் வம்பு வளர்க்கிறாள். பதறாமல் மீதியைப் படி.

மலேரியாவுக்கு ரத்தம் ஏற்றி, குணமாகி, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஒரு மாதத்தில் ரத்தம் பார்க்கக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைதான் துள்ளிக் குதிக்கிறாளே என்று நானாகத் தள்ளிப்போட்டேன். பள்ளிச் சீருடை தைக்கும் நேரம், கடையில் தலைக்கு மேல் வேலை.

பிறகு நம் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். "தூக்குப்பா" என்பாள். நீ இல்லாததால் செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கையில் துணிமூட்டையோடு, "நடிக்காதே, ஏறு" என்று அதட்டிவிட்டேன். ஏறினாள். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

மறுநாள் கடையில் வெள்ளை லைனிங் துணியை எடுத்து நீட்டினாள். உள்ளங்கையும் துணியும் ஒரே நிறமாக இருந்தன. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று மறுபடி ஏற்றினார்கள். ஐந்து நாள் அங்கேயே இருந்தோம். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "கடுமையான மலேரியா வந்த பிள்ளைங்க வீட்டுக்குப் போன பிறகுதான் எங்களுக்குப் பயமே. ஆறு மாசம் கண்ணும் கருத்துமா பாருங்க" என்றார். மலேரியா திரும்ப வராமலிருக்க மாதாமாதம் மாத்திரை கொடுக்க வேண்டும். தேதிகளை அளவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அதைத் திறக்காமல் என்னால் ஒரு துணியும் வெட்ட முடியாது. தினமும் அவள் கையை வெள்ளைத் துணியில் வைத்தும் பார்க்கிறேன். நிறம் வருகிறது.

நீ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் வீட்டில் உனக்கு இன்னும் நான்கு மாத ஒப்பந்தம் இருக்கிறது, தெரியும். கிளம்பி வா என்று எழுதவில்லை.

நேற்று மாடி ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்றாள். நான் கேட்பதற்கு முன்பே, "நடிக்கலப்பா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்" என்றாள். குனிந்து தூக்கப் போனேன். வேண்டாம் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் தூக்கச் சொல்லிக் கேட்பதே இல்லை.

நீ வரும் நாளிலும் கேட்கமாட்டாள். பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டு, முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறு. பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தையற்காரன்