வலியே இல்ல, டாக்டர்

மார்ச் 3
கம்பெனி மெடிக்கலில் ஆரம்பித்த வினை. இன்று டாக்டர் படத்தைக் காட்டினார்: இதயத்துக்குப் போகும் குழாய்களில் ஒன்று முழு அடைப்பு, வருஷக்கணக்காகவே இருக்குமாம். பக்கத்தில் பொடிப்பொடிக் குழாய்கள் தாமாகவே வளர்ந்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. முப்பது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன், ஒரு லிஃப்டும் இப்படித் தானாகச் சமாளித்ததில்லை!

மூன்று வழி சொன்னார். மாத்திரை. கம்பி விட்டுத் திறந்து ஸ்டென்ட். இல்லையென்றால் பைபாஸ்.

"வலி எப்படி?"

"வலியே இல்ல, டாக்டர்."

"அப்போ மாத்திரையே போதும்."

மார்ச் 4
தங்கை பைபாஸ் கட்சி. மாப்பிள்ளை ஸ்டென்ட் கட்சி. மனைவி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 21
மறுபடி டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஆரம்பித்தாள்.

"வலி எப்படி டாக்டர் வரும்? மாடி ஏறுறதே இல்ல. மேல மிஷின் ரூம் வேலையெல்லாம் கூட்டாளி தலையில கட்டிட்டு, இவரு கீழ பட்டன் மாத்துறாரு. பேத்தி தூக்கச் சொன்னா, 'நீ பெரியவளாயிட்ட'ங்குறாரு. அவளுக்கு ரெண்டு வயசு!"

டாக்டர் பேனாவை மூடினார். "வலி இல்லாம இல்ல. வலி வர்ற இடத்துக்கே நீங்க போறதில்ல."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். ஏற முடியாதென்று தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்களே என்று எட்டு மாதமாக நடிக்கிறேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை — யாரிடம் மறைத்தேன், என்னிடமேவா?

ஏப்ரல் 27
ஸ்கேன் நல்ல சேதி. அடைப்புக்கு அந்தப் பக்கத்துத் தசை உயிரோடிருக்கிறது. திறந்தால் பலன் உண்டு, ஒரே குழாய் என்பதால் பைபாஸ் வேண்டாம் என்றார். "ஆனா பழைய அடைப்பு. கம்பி நுழையாமலும் போகலாம்." மாப்பிள்ளை முகத்தில் தேர்தலில் ஜெயித்த களை.

மே 6
மூன்று மணி நேரம். மணிக்கட்டில் ஒரு கம்பி, தொடையில் ஒரு கம்பி. முழித்துக்கொண்டே கிடந்தேன். பயந்துட்டேன், நல்லாவே பயந்துட்டேன். கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் டாக்டரே "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டார்.

மே 7
பசி. பசியோ பசி.

ஜூன் 18
எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி நாலு நாள். இன்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. கூட்டாளி பையைத் தூக்கினான். நான் வாங்கிக்கொண்டு படியேறினேன். நெஞ்சு வாயே திறக்கவில்லை, முழங்கால்தான் முனகியது. மேலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஏழாவது மாடி."

"லிஃப்ட்லதானே போனீங்க?"

"அதைச் சரிபண்ணத்தான் வந்திருக்கேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"சரி," என்றாள். "வரும்போது உருளைக்கிழங்கு அஞ்சு கிலோ வாங்கிட்டு வாங்க."