எச்சில் டம்ளர்

நவம்பர் 3
மலைமேல் முருகன் கோயில் மடப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிளறும்போது மேல் ஈறு சுரீரென்றது. பல்செட் கட்டி எட்டு மாதம் ஆகிறது. நாக்கால் துழாவினால் பட்டாணி அளவில் ஒரு தடிப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 6
தினமும் தூங்குமுன் கழற்றித் தண்ணீரில் போடச் சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்கே போடுவது? வாயில் இருந்தது எச்சில். அது ஊறும் பாத்திரமும் எச்சில். மனைவி பார்வதம், குளித்தபின் எச்சில் எதையும் தொடாமல், மடியாகப் புழங்கும் வீட்டில் அதற்கு ஏது மூலை? குளிக்கும்போது கழுவி உடனே மாட்டிக்கொள்கிறேன். தூக்கத்திலும் வாயில்தான்.

நவம்பர் 9
ரத்தம். துப்பியதைத் தண்ணீர் ஊற்றி மறைத்தேன். அண்ணாவுக்கும் இப்படி வாயில் ஒரு புண்ணில்தான் ஆரம்பித்தது. ஐந்தே மாதம். கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை. எனக்கும் அதுதானா? அறுபத்தெட்டு வயதில் இப்படியா நடுங்குவேன்!

நவம்பர் 10
பயமாக இருக்கிறது.

நவம்பர் 12
மோர் சாதத்தை மெல்லாமல் விழுங்குவதைப் பார்வதம் பார்த்துவிட்டாள். வயிறு சரியில்லை என்றேன். நம்பவில்லை. வாயைத் திறக்கச் சொன்னாள்.

நவம்பர் 14
அரக்கோணத்தில் பல் டாக்டர் தேவயானி. பார்வதமும் வந்தாள்.
"தூங்கும்போது கழட்டி வெக்கிறீங்களாங்க ஐயா?"
இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வரப் பத்து நாள். அதுவரை செட் போடக்கூடாது. ரயிலில் பார்வதம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். கோபமா? அழுகையா?

நவம்பர் 19
கஞ்சி. மடப்பள்ளிக்கு லீவு. பொக்கை வாயோடு எப்படிப் படியேறுவது? முருகா, கஞ்சியாவது கடைசிவரை இறங்கட்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 24
புற்று இல்லை. செட் ஓயாமல் அழுத்தியதால் வளர்ந்த சதையாம். டாக்டர் படித்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. பார்வதம்தான் இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள். புண் ஆறியதும் செட்டைச் சரிசெய்து தருவார்கள். பகலில் மட்டும் போடலாம்.

டிசம்பர் 8
நேற்று செட் திரும்ப வந்தது. கொல்லைக் குழாயடி மாடத்தில் மூடி போட்ட புது எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. நான் வாங்கவில்லை. கழற்றி அதில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
இன்று காலை எழுந்து போனால், குழாயடியில் குந்தி, என் பல்லைக் கையில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் பார்வதம். பதறிப்போய்த் தடுத்தேன்.
"நான் இன்னும் குளிக்கலையே. நீங்க போங்கோ" என்றாள்.