எலிகள் அடங்கிய நாள்

இன்று காலை ஜெபத்திற்கு முழங்காலிட்டபோது, ஜெபப் பலகையடியில் ஓர் எலி செத்துக் கிடந்தது. காயம் இல்லை, வாயோரம் மட்டும் சிறிது இரத்தம். என் நாவில் ஜெபம் நின்றது. செவி தானாகவே கூரையை நோக்கிக் காத்திருந்தது. மேட்ரன் அம்மா, உங்களைத்தான் நினைத்தேன்.

செகந்திராபாத்தில் நாம் பணிசெய்த பெண்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. மேட்ரனின் சாவிக்கொத்தை மேசைமேல் வைக்கக் கூடாது. கையிலிருந்து கைக்கே போக வேண்டும். யார் கையில் சாவியோ, அவர் சொல்லே வார்டில் செல்லும். நீங்கள் ஓய்வு பெற்ற நாளில், கழுத்தில் மாலையோடு, அதை என் உள்ளங்கையில் அழுத்தினீர்கள். நாகப்பட்டினத்துத் தங்கை வீட்டுக்குப் பெட்டி கட்டியாயிற்று. "இனிமே கழுவின தரையையே பாக்க மாட்டேன், ஞானம். மணல்ல காலை நீட்டிட்டு உக்காந்திருப்பேன்" என்று சிரித்தீர்கள்.

கடைசியாக ஒருமுறை சுற்றி வந்தபோது தானிய அறை வாசலில் நின்றுவிட்டீர்கள்.

"என்னடி இது, ஒரு எலிக் கீச்சுகூட கேக்கலையே?"

அப்போதுதான் அந்த நிசப்தம் எனக்கும் உறைத்தது. பழம்பாடல்களில் கூற்றுவன் எருமையின் மணி ஒலிக்க வருவான். நம்மிடம் அவன் இருந்த ஓசைகளையும் அழித்துக்கொண்டு வந்திருந்தான்.

துப்புரவு செய்யும் எல்லம்மா உங்கள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நக்கோம்மா, வேணாம்மா, கோவிச்சுக்காதீங்க. தரையில தூசி கண்டாலே துரத்திடுவீங்க. அதான், எலி செத்து விழ விழப் பெருக்கி வைக்கோல் போர்ல போட்டேன்."

"மெத்தைக்கு அடைக்கிற வைக்கோலா?"

"ஹவ்ம்மா" என்று தலையாட்டினாள்.

நீங்கள் கோபிக்கவில்லை. "உன்மேல தப்பில்ல. நான் வச்ச பயம் இது" என்றீர்கள். நான் தடுப்பதற்குள் வைக்கோலை விலக்கிக் குனிந்து பார்த்தீர்கள். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. "பிளேக். எல்லாரையும் இப்பவே வெளியே கொண்டு போகணும்."

பெரிய டாக்டர் மறுத்தார். "நாளைக்கு நவாப் வீட்டார் வார்டைப் பாக்க வராங்க. அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மேட்ரன், உங்க பொறுப்பு காலையோட முடிஞ்சுது."

நான் சாவியை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் என் விரல்களை அதன்மேல் மடக்கினீர்கள். "எங்கிட்ட எதுக்குடி தர்ற? வச்சிருக்கிறவதான் சொல்லணும். சொல்லு."

"ஞானம், உன் வேலை நிலைக்கணுமா வேண்டாமா?" என்றார் டாக்டர்.

ரயில்வே பணிமனைக்காரர்களின் மனைவியர், பால்குடி மறவாத சிசுக்கள், எல்லாக் கட்டில்களும் என் கண்முன் நின்றன. "வார்டைக் காலி பண்ணுங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இன்றும் வியக்கிறேன்.

மாலைக்குள் மாந்தோப்பில் கூடாரங்கள் எழுந்தன. நீங்கள் ஊருக்குக் கட்டிய பெட்டி மருந்துப் புட்டிகளுக்கு மேசையாயிற்று. அடுத்த வாரம் ஊரில் தெருத்தெருவாகப் பிணங்கள் போயின. எரித்த வைக்கோலின் புகை எங்கள் ஆடையை விட்டு நீங்கவேயில்லை. கூடாரத்துப் பெண்கள் பிழைத்தார்கள். காய்ச்சல் உங்களுக்குத்தான் வந்தது. அக்குளில் நீங்களே தடவிப் பார்த்து, "நெறி கட்டிடுச்சு" என்றீர்கள், பிறர் நோயைச் சொல்வதுபோல. என்னை அருகில் வரவிடாமல் கையசைத்தீர்கள். "எலிச் சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்லடி. அடங்கிடுச்சுன்னா எல்லாரையும் எழுப்பி விட்டுடு."

உங்கள் கால் கடைசிவரை நாகப்பட்டினத்து மணலைத் தொடவில்லை. கர்த்தர் அதற்கு என்ன ஈடு செய்தாரோ, நான் அறியேன்.

எனக்கும் ஓய்வு வந்துவிட்டது, அண்ணன் வீட்டில் இருக்கிறேன். சாவிக்கொத்து வேறொருத்தியின் கையில். இன்று காலை என் அண்ணன் மருமகள் சிரித்தாள்: "ஒரு எலிக்கா இவ்வளவு, அத்தை? பெருக்கித் தள்ளிட்டு அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

"தொடாதே" என்றேன். என் குரலைக் கேட்டு அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

நேற்று முதல் எங்கள் கூரையில் ஓசை இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், அடுத்த வீட்டுக் கூரையிலும் இல்லை. வீட்டார் வெளியேற மூட்டை கட்டும் இடைவேளையில் இதை எழுதுகிறேன், அம்மா. கையில் சாவி இல்லை. நீங்கள் தந்த செவி இருக்கிறது. மையுலரக் காத்திராமல், அண்டை வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.